பறவைக்கு இரக்கமா? மனிதனுக்கு நியாயமா?

கதைப் புஸ்தகங்களைப் பற்றி நமக்குப் பொதுவாக நல்லெண்ணம் கிடையாது. ராஜகுமாரன் ஏழு கடல் தாண்டிப் போனதும், பதிவிரதை சாபமிட்டு ஊரை எரித்ததும், பக்தனுக்காகச் சாமி மண் சுமந்ததும் ஆகிய கதைகளைப் படித்து எந்த மனிதனுக்கும் அறிவு ஓர் அங்குலமாவது வளர்ந்ததாக நாம் கண்டதில்லை. ஆனால் மனிதனுக்கு மனிதன் செய்கிற அக்கிரமத்தை, அது நடக்கிற விதத்திலேயே, அதற்குத் துணை நிற்கிறவர்களின் யோக்கியதையோடு எடுத்துக் காட்டுகிற கதை ஒன்று இருக்குமானால், அதை ஆயிரம் பிரசங்கங்களுக்குச் சமமாக மதிக்க நாம் தயங்கமாட்டோம். அப்படிப்பட்ட புஸ்தகங்களில் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

அதன் பெயர் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' என்பதாகும். மாக்கிங்பேர்ட் என்பது அமெரிக்காவில் உள்ள ஒரு பாட்டுக் குருவி. ஆகவே, பாட்டுக் குருவியைக் கொல்வது என்று அந்தப் பெயருக்குப் பொருள் கொள்ளலாம். 1960-ம் வருஷம் ஜூலை மாதம் வெளிவந்தது. மறு வருஷமே அந்நாட்டின் பெரிய இலக்கியப் பரிசாகிய புலிட்சர் பரிசைப் பெற்றது. 1962-ல் சினிமாவாக வந்து, அதில் வக்கீலாக நடித்த கிரிகரி பெக் என்பவருக்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. இதுவரை கோடிக்கணக்கான பிரதிகள் விற்றிருக்கின்றன. இத்தனை பேர் படித்த புஸ்தகம் என்பதற்காக அதை நல்ல புஸ்தகம் என்று நாம் சொல்ல வரவில்லை. புராணங்களையுந்தான் கோடிக்கணக்கான பேர் படித்திருக்கிறார்கள். அதற்குள் இருக்கும் சரக்கு என்ன என்பதே கேள்வி.

எழுதிய அம்மாள் யார்?

எழுதியவர் ஹார்ப்பர் லீ என்னும் வெள்ளைக்கார மாது. 1926-ல் அலபாமா மாகாணத்தில் மன்றோவில் என்னும் சிற்றூரில் பிறந்தவர். தகப்பனார் வக்கீல், உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியராகவும் இருந்தவர். இந்த அம்மாளும் சட்டம் படிக்கப் போய், முடிக்காமலே நியூயார்க்குக்குச் சென்று ஆகாய விமானக் கம்பெனியில் டிக்கெட் எழுதும் வேலை பார்த்து வந்தார். 1956-ம் வருஷக் கிறிஸ்துமஸின்போது சிநேகிதக் குடும்பம் ஒன்று, 'ஒரு வருஷம் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து எழுது' என்று சொல்லி ஒரு வருஷச் சம்பளத்துக்கான பணத்தைக் கொடுத்தது. அந்த உதவியில் பிறந்த புஸ்தகம் இது. அந்த அம்மாள் 2016-ல் காலமானார்.

அலபாமா என்பது அடிமை வியாபாரத்தில் ஊறிய தென்பகுதி மாகாணம். அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது 1865-ல். ஆனால் 1901-ல் அந்த மாகாணத்தார் புது அரசியல் சட்டம் ஒன்று எழுதி, வோட்டு வரி என்றும், எழுத்தறிவுப் பரீட்சை என்றும் வேலிகள் போட்டுக் கறுப்பர்களின் வோட்டுரிமையைப் பிடுங்கிக்கொண்டார்கள். வோட்டு இல்லை, ஜூரியில் இடம் இல்லை, பள்ளிக்கூடம் வேறு, மாதா கோவில் வேறு, சுடுகாடு வேறு. கறுப்பன் மேல் வெள்ளைக்காரி ஒருத்தி விரலை நீட்டிவிட்டால் போதும், கோர்ட்டும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம். கும்பல் கூடிக் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்துவிடும். இதுதான் கதை நடக்கும் இடம். காலம் 1933 முதல் 1935 வரை.

கதையின் சாரம்

மேகோம் என்பது கற்பனை ஊர். அங்கே அட்டிகஸ் ஃபின்ச் என்று ஒரு வக்கீல்; மனைவியை இழந்தவர். ஜெம் என்று ஒரு மகன். அவனுக்கு நான்கு வயது இளையவளாக ஸ்கௌட் என்று ஒரு மகள். கதை முழுவதையும் சொல்பவள் இந்தப் பெண்தான். கதை தொடங்கும்போது அவளுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. வீட்டை நடத்துவதும், பிள்ளைகளை அதட்டி வளர்ப்பதும் கல்பூர்னியா என்னும் கறுப்பினத்துச் சமையற்காரி.

டாம் ராபின்சன் என்னும் கறுப்பினத்து வாலிபன் மீது, மேயெல்லா என்னும் வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்தான் என்று பிராது வருகிறது. பிராது கொடுத்தவன் அவளுடைய தகப்பன் பாப் யூவெல், குடிகாரன், வேலைக்குப் போகாதவன், ஊர்க் குப்பை மேட்டுக்கு அருகில் குடியிருப்பவன். கோர்ட்டார் ஃபின்ச்சை டாமுக்கு வக்கீலாக நியமிக்கிறார்கள். ஃபின்ச் பேருக்கு ஆஜராகிவிட்டு நகராமல் உண்மையாகவே வாதாடத் துணிகிறார். அதுதான் ஊராருக்குக் கோபம். கறுப்பனுக்கு வக்கீல் வைப்பதில் ஆட்சேபணை இல்லை. அந்த வக்கீல் வேலை செய்வதில்தான் ஆட்சேபணை!

சாட்சியம் என்ன சொல்லிற்று?

இந்தப் புஸ்தகத்தில் நமக்கு மிகவும் பிடித்த பாகம் கோர்ட்டு விசாரணையாகும். அங்கே சாமி வந்து சாட்சி சொல்லவில்லை. வானத்திலிருந்து அசரீரி கேட்கவில்லை. கண்ணால் காணக்கூடிய, கையால் தொட்டறியக்கூடிய சங்கதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே உண்மை வெளியே இழுக்கப்படுகிறது.

பெண் பலாத்காரம் செய்யப்பட்டாள் என்றால் முதலில் என்ன செய்திருக்க வேண்டும்? டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். தகப்பனும் கூப்பிடவில்லை, போலீஸ் அதிகாரியாகிய ஷெரீப்பும் கூப்பிடவில்லை. அடுத்தபடியாகக் காயம் எங்கே? வலது கண் வீங்கிக் கறுத்திருந்தது. முகத்தின் வலது பக்கம் அடிபட்டிருந்தது. எதிரே நின்று அடிக்கிறவன் எந்தக் கையால் அடித்தால் வலது பக்கம் காயமாகும் என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லிவிடும். கழுத்தைச் சுற்றிலும் விரல் தடயங்கள் இருந்தன. அதற்கு இரண்டு கைகள் வேண்டும். டாம் ராபின்சனின் இடது கையோ, அவன் சிறுவனாயிருந்தபோது பருத்தி அரைக்கும் இயந்திரத்தில் மாட்டிச் சூம்பிப்போனது; வைத்த இடத்தில் நிற்காமல் வழுக்கி விழும் கை. மறுபுறம், பிராது கொடுத்த யூவெலை வக்கீல் தன் பெயரைக் காகிதத்தில் எழுதும்படி கேட்கிறார். அவன் பெருமையோடு எழுதுகிறான். எந்தக் கையால்? இடது கையால்!

இதற்குமேல் என்ன வேண்டும்? குற்றம் நடந்ததற்கு வைத்தியச் சாட்சி இல்லை. அடித்தவன் இடது கைக்காரன். எதிரிக்கு இடது கை இல்லை. சட்டப் புஸ்தகம் ஒன்றையும் படிக்காத ஒரு குடியானவன்கூட இதைக் கேட்டுவிட்டு 'விட்டுவிடு' என்று சொல்லிவிடுவான். ஆனால் பன்னிரண்டு வெள்ளைக்கார ஜூரர்கள் பல மணி நேரம் அறைக்குள் இருந்துவிட்டு, நடுராத்திரி நெருங்கும் சமயத்தில் வெளியே வந்து 'குற்றவாளி' என்றார்கள். அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள்? சாட்சியம் புரியாததாலா? இல்லை. நன்றாகப் புரிந்தது. புரிந்ததனால்தான் இத்தனை நேரம் ஆயிற்று. கறுப்பன் சொல்லுக்கும் வெள்ளையன் சொல்லுக்கும் போட்டி வந்தால் எது ஜெயிக்க வேண்டும் என்பது அவர்கள் பிறப்பதற்கு முன்னமேயே தீர்மானமாகிவிட்ட விஷயம். கோர்ட்டுக்குள் அறிவு ஒரு பக்கமும் பழக்கம் ஒரு பக்கமும் நின்றன, பழக்கம் ஜெயித்தது.

பரிதாபப்பட்டது குற்றமா?

விசாரணையில் இன்னொரு கட்டம் இருக்கிறது. மேயெல்லாவின் வீட்டு வழியாக வேலைக்குப் போகும்போதெல்லாம் அவளுக்கு விறகு பிளந்தும், தண்ணீர் சுமந்தும் டாம் கூலி வாங்காமல் உதவி செய்திருக்கிறான். ஏன் செய்தாய் என்று சர்க்கார் தரப்பு வக்கீல் மடக்கி மடக்கிக் கேட்கிறார். அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன் என்று அவன் வாய் தவறி உண்மையைச் சொல்லிவிடுகிறான். அவ்வளவுதான்! கோர்ட்டில் இருந்த வெள்ளையர் முகமெல்லாம் கறுத்துவிட்டது.

ஏன்? பரிதாபம் என்பது மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்குக் காட்டுவது. வெள்ளையன் கறுப்பனைப் பார்த்து ஐயோ பாவம் என்றால் அது தர்மம். கறுப்பன் வெள்ளைக்காரியைப் பார்த்து ஐயோ பாவம் என்றால் அது திமிர். தாயில்லாமல், சிநேகிதர் இல்லாமல், குடிகாரத் தகப்பனிடம் அடிபட்டு, தம்பி தங்கைகளைச் சுமந்துகொண்டு குப்பை மேட்டோரம் கிடந்த அந்தப் பெண்ணை ஊரில் ஒரு வெள்ளையனாவது ஏறெடுத்துப் பார்த்ததுண்டா? ஒரு மாதா கோவிலாவது கவனித்ததுண்டா? கவனித்தவன் ஒருவன்தான். அந்த ஒருவனையே அவள் கையாலேயே கொல்ல வைத்தார்கள். உயர்வு தாழ்வு என்னும் ஏற்பாடு, தாழ்த்தப்பட்டவனை மாத்திரம் நசுக்குவதோடு நிற்பதில்லை. உயர்ந்த சாதி என்று சொல்லிக்கொள்ளும் ஏழையையும் பொய்யனாக்கி, கோழையாக்கி, நன்றிகெட்டவனாக்கித்தான் விடுகிறது. 'எவ்வளவு ஈனமாயிருந்தாலும் நான் வெள்ளையன்' என்னும் ஒரே சொத்தைத்தான் யூவெலுக்கு அந்தச் சமூகம் கொடுத்திருந்தது. அந்தச் சொத்தைக் காப்பாற்ற அவன் ஓர் உயிரைப் பலி கொடுத்தான்.

பக்தர்களின் யோக்கியதை

இனி, பக்தர்களைப் பார்ப்போம். மேகோம் ஊர்ச் சீமாட்டிகள் மிஷன் சங்கக் கூட்டம் கூடுகிறார்கள். தேநீரும் பலகாரமும் நடக்கின்றன. எங்கேயோ தூர தேசத்துக் காட்டில் மிருனா என்னும் ஜாதியார் இருக்கிறார்களாம். அவர்கள் படும் அவஸ்தையைச் சொல்லிச் சொல்லி ஓர் அம்மாள் கண்ணீர் வடிக்கிறாள். அடுத்த மூச்சில் அதே அம்மாள், தன் வீட்டுச் சமையற்காரி டாமின் வழக்குக்குப் பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதாகக் குறைப்பட்டு, ஏசு நாதர் ஒருபோதும் முணுமுணுத்ததில்லை என்று அவளுக்குப் புத்தி சொன்னதாகப் பெருமையடித்துக்கொள்கிறாள். ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவனுக்குக் கண்ணீர். அடுப்படியில் நிற்பவளுக்கு உபதேசம்! தூரத்து ஏழைக்குச் செய்யும் தர்மத்தில் ஒரு சௌகரியம் உண்டு. அவன் எழுந்து வந்து நாற்காலியில் உட்காரமாட்டான்.

இதே புஸ்தகத்தில் கறுப்பர்களின் மாதா கோவில் ஒன்றும் வருகிறது. அடிமைத்தளை நீங்கியவர்கள் முதன் முதலாகச் சம்பாதித்த காசில் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமையில் கறுப்பர் ஜெபம் செய்கிற அந்த இடத்தில் மற்ற நாட்களில் வெள்ளையர் சூதாடுவார்களாம்! பாட்டுப் புஸ்தகம் ஒன்றுதான். மற்றவர்களுக்குப் படிக்கத் தெரியாது. ஒருவன் ஒரு வரி வாசிக்க, எல்லோரும் அதைப் பாடுகிறார்கள். படிக்கத் தெரியாதது அவர்கள் குற்றமா? படிக்க விடாதவன் குற்றமா? அந்தக் கோவில் பாதிரியார் ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டு, டாமின் மனைவிக்குப் பத்து டாலர் சேரும்வரை ஒருவரும் வெளியே போகக்கூடாது என்கிறார். வேலை கொடுக்க ஆளில்லாமல் மூன்று குழந்தைகளோடு தவித்தவள் அவள். ஜெபத்தைப் பற்றி நமக்கு உள்ள அபிப்பிராயம் வாசகர்களுக்குத் தெரியும். ஆனாலும் ஏழைகள் தங்கள் ஏழ்மையிலிருந்து காசு சேர்த்து ஒரு குடும்பத்தைப் பட்டினியிலிருந்து மீட்ட அந்தக் காரியத்தை நாம் மதிக்கிறோம். அன்று அந்தக் கோவிலில் நடந்த காரியங்களில் பயனுள்ளது அது ஒன்றுதான்.

குழந்தை கேட்ட கேள்வி

ஒரு குழந்தையின் வாயால் ஏன் இதையெல்லாம் சொல்ல வேண்டும்? பெரியவர்களைக் கொண்டே சொல்லியிருக்கலாமே என்று சிலர் கேட்கலாம். அங்கேதான் இந்த அம்மாளின் புத்திசாலித்தனம் இருக்கிறது. குழந்தைக்குப் பசி பிறவியிலேயே உண்டு; பயமும் உண்டு; ஆனால் துவேஷம் கிடையாது. அது கற்றுக்கொடுத்து வருவது. கற்றுக்கொடுக்கப்படுவதற்கு முன்னால் குழந்தை 'ஏன்?' என்று கேட்கிறது. அந்த 'ஏன்' என்பதற்கு ஊரிலுள்ள பெரிய மனிதர்களில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை.

ஸ்கௌட் வீட்டிலேயே படிக்கக் கற்றுக்கொண்டவள். பள்ளிக்கூடத்தில் முதல் நாளே உபாத்தியாயினி அவளைக் கண்டித்து, இனிமேல் தகப்பனிடம் படிக்காதே என்கிறாள்! அறிவு தானாக வளர்ந்தால் பள்ளிக்கூடத்துக்குப் பொறுக்காது போலும். இன்னொரு உபாத்தியாயினி ஹிட்லர் யூதர்களைக் கொடுமைப்படுத்துவதைப் பற்றிப் பேசி, நம்முடையது ஜனநாயக நாடு, நாம் யாரையும் கொடுமைப்படுத்துவதில்லை என்று பாடம் நடத்துகிறாள். அதே உபாத்தியாயினி கோர்ட்டு வாசலில், கறுப்பர்களுக்கு இந்தப் பாடம் வேண்டியதுதான் என்று பேசியதை ஸ்கௌட் கேட்டிருக்கிறாள். ஹிட்லரை வெறுக்கிறவள் சொந்த ஊர் மனிதனிடம் எப்படி அப்படி நடக்க முடியும் என்று குழந்தை வீட்டுக்கு வந்து கேட்கிறது. இந்தக் கேள்விக்கு எந்த உபாத்தியாயர் பதில் சொல்லுவார்?

சிறையிலிருக்கும் டாமைக் கொல்ல ராத்திரியில் ஒரு கும்பல் வருகிறது. வக்கீல் தனியாக வாசலில் உட்கார்ந்திருக்கிறார். விவரம் தெரியாத ஸ்கௌட் கும்பலுக்குள் புகுந்து, தெரிந்த முகம் ஒன்றைக் கண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, 'உங்கள் மகன் என்னோடு படிக்கிறான்' என்கிற மாதிரி வீட்டுச் சங்கதி பேச ஆரம்பித்துவிடுகிறாள். அந்த ஆள் வெட்கிப்போய்த் தன் கூட்டத்தைத் திருப்பி அழைத்துக்கொண்டு போகிறான். கும்பலுக்கு முகம் கிடையாது, பெயர் கிடையாது, மகன் கிடையாது. அதனால்தான் அதற்கு வெட்கமும் கிடையாது. ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மனிதனாக்கிவிட்டால் கொலைகாரக் கும்பலில் ஓர் ஆள் குறைந்து போகிறான். இது மந்திரமல்ல. ஆனால் இதிலும் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். அன்று ராத்திரி கும்பல் திரும்பிப் போனதே தவிர, கோர்ட்டில் அதே ஊரார் அதே கொலையைச் சட்டத்தின் பேரால் செய்து முடித்தார்கள். டாம் சிறைப் பண்ணையில் வேலி தாண்ட ஓடினான் என்று சொல்லிக் காவற்காரர்கள் அவன் உடம்பில் பதினேழு குண்டுகளைப் பாய்ச்சினார்கள். ஒரு கை இல்லாதவனுக்குப் பதினேழு குண்டு!

கற்பனை என்று தள்ளலாமா?

இதெல்லாம் கதைதானே என்று ஒருவரும் சொல்லிவிட முடியாது. 1931-ம் வருஷம் மார்ச்சு மாதம் அதே அலபாமாவில், ரயிலில் போய்க்கொண்டிருந்த ஒன்பது கறுப்பினச் சிறுவர்களையும் வாலிபர்களையும், இரண்டு வெள்ளைக்காரப் பெண்களைப் பலாத்காரம் செய்ததாகச் சொல்லிப் பிடித்தார்கள். ஸ்காட்ஸ்பரோ என்னும் ஊரில் பிடித்த இரண்டொரு வாரத்திற்குள் விசாரணை முடிந்து எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். 1933-ல் மறு விசாரணையில் அந்தப் பெண்களில் ஒருத்தியே அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சாட்சி சொன்னாள். ஜூரர்கள் அதற்குப் பிறகும் குற்றவாளி என்றார்கள். ஹார்ட்டன் என்னும் ஜட்ஜு, வைத்தியச் சாட்சியத்தைப் பார்த்து ஜூரர்களின் முடிவைத் தள்ளினார். அதற்கு ஊரார் கொடுத்த சன்மானம் என்ன? 1934 தேர்தலில் அவரைத் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். 1935-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, ஜூரி ஜாபிதாவில் கறுப்பர் பெயரைச் சேர்க்காதது தவறு என்று தீர்ப்புச் சொல்லிற்று. ஜாபிதாவில் கறுப்பர் பெயர்களும் இருப்பதாகக் காட்டுவதற்கு, அவற்றைப் பிறகு கள்ளத்தனமாக எழுதிச் சேர்த்திருந்த மோசடியும் அந்த வழக்கில் வெளியாயிற்று! அந்த ஒன்பது பேரில் கடைசி மூவருக்கு அலபாமா சர்க்கார் மன்னிப்பு வழங்கியது எப்போது தெரியுமா? 2013-ல். செத்து மண்ணாய்ப்போன பிறகு!

1955-ல் மிஸ்ஸிஸிப்பி மாகாணத்தில் எம்மெட் டில் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனை, வெள்ளைக்காரியிடம் மரியாதைக் குறைவாக நடந்தான் என்று சொல்லிக் கொன்று ஆற்றில் போட்டார்கள். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக யோசித்துக் கொலைகாரர்களை விடுதலை செய்தது. கும்பல் கொலையைத் தனிக் குற்றமாக்கி, அந்தச் சிறுவன் பெயரால் அமெரிக்க மத்திய சர்க்கார் சட்டம் செய்தது 2022-ம் வருஷம்.

இன்னும் கேளுங்கள். எழுதிய அம்மாள் பிறந்த அதே மன்றோவில் ஊரில், பழைய கோர்ட்டுக் கட்டடத்தை இந்தக் கதையின் ஞாபகமாகக் காட்சிசாலையாக்கி, கதையை நாடகமாகவும் நடித்துக் காட்டி வந்திருக்கிறார்கள். அந்த ஊரில் 1987-ல் வால்ட்டர் மக்மில்லியன் என்னும் கறுப்பரைக் கொலைக் குற்றத்திற்காகப் பிடித்தார்கள். கொலை நடந்த நேரத்தில் அவர் தம் வீட்டில் இருந்தார் என்று கறுப்பினத்தார் பலர் சாட்சி சொன்னார்கள். அவர்கள் சாட்சி எடுபடவில்லை. ஜூரர்கள் ஆயுள் தண்டனை போதும் என்றதையும் மீறி, ஜட்ஜு மரண தண்டனை விதித்தார். பிரையன் ஸ்டீவன்சன் என்னும் கறுப்பின வக்கீல் போராடி, சாட்சியம் பொய் என்று நிரூபித்து, 1993-ல் அவரை விடுதலை செய்வித்தார். அதற்குள் ஆறு வருஷம் போய்விட்டது. தங்கள் ஊர்க் கதையென்று புஸ்தகத்தைக் கொண்டாடத் தெரிந்த ஊருக்கு, அந்தப் புஸ்தகத்தின்படி நடக்கத் தெரியவில்லை. ராமாயணம் படிக்கிற ஊரில் திருட்டு நின்றுவிடுகிறதா என்ன?

ஒரு பெருங்குறை

இவ்வளவு புகழ்ந்த நாம் இதிலுள்ள குறையை மறைப்பது நேர்மையாகாது. பாட்டுக் குருவி ஒருவருக்கும் தீங்கு செய்யாதது, பாடுவதைத் தவிர வேறொன்றும் அறியாதது, ஆகையால் அதைக் கொல்வது பாவம் என்பது புஸ்தகத்தின் மையமான கருத்து. டாம் ராபின்சனை அந்தப் பறவைக்கு ஒப்பாக்குகிறார்கள். நாம் கேட்கிறோம்: அவன் சாதுவாக இல்லாதிருந்தால்? வெள்ளைக்காரன் முன்னால் தலையை நிமிர்த்தி, 'என் மேல் கை வைக்க நீ யார்?' என்று கேட்டிருந்தால்? அப்போது அவனைச் சுட்டது நியாயமாகிவிடுமா? நியாயம் என்பது சாதுவுக்குக் கொடுக்கும் இனாமல்ல. முரடனுக்கும், வாயாடிக்கும், எதிர்த்துப் பேசுகிறவனுக்கும் அதே நியாயந்தான். இரக்கம் கொடுப்பவன் மனசைப் பொறுத்தது; இன்றைக்கு வரும், நாளைக்குப் போகும். உரிமை கேட்பவனுடைய சொத்து. பறவைக்கு இரக்கம் போதும். மனிதனுக்கு அது போதாது.

இந்தக் குறை கதையின் அமைப்பிலேயே தெரிகிறது. டாம் பேசுவது கோர்ட்டில் கேட்ட கேள்விக்குப் பதிலாக மாத்திரம். தன் மனைவியிடம் அவன் என்ன சொன்னான், சிறையில் என்ன நினைத்தான் என்பது நமக்குத் தெரியாது. கல்பூர்னியா வெள்ளையர் வீட்டில் ஒரு விதமாகவும் தன் ஜனங்களிடையே வேறு விதமாகவும் பேசுகிறாள் என்று குழந்தைகள் கண்டு ஆச்சரியப்படுகிறார்கள். அவள் மனசிலிருந்ததை அவளே சொல்ல விடவில்லை. வழக்கு தோற்ற பிறகும் கறுப்பினத்தார் எழுந்து நின்று வெள்ளைக்கார வக்கீலுக்கு மரியாதை செய்கிறார்கள். கதை எழுதப்பட்ட காலத்திலேயே, 1955 டிசம்பர் முதல் ஒரு வருஷத்திற்கு மேல், அதே அலபாமாவின் மாண்ட்காமரி நகரத்தில் கறுப்பினத்தார் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே போய்த் தங்கள் உரிமையைத் தாங்களே வென்றார்கள். அப்படிப்பட்ட கறுப்பின ஆணோ பெண்ணோ ஒருவரும் மேகோம் ஊரில் முன்னே நிற்கவில்லை.

வக்கீல் ஃபின்ச்சைத் தெய்வமாக்கி வைத்துக் கும்பிட்டவர்களுக்கு 2015-ல் ஓர் அதிர்ச்சி ஏற்பட்டது. அந்த அம்மாள் முதலில் எழுதி வைத்திருந்த 'கோ செட் எ வாட்ச்மன்' என்னும் கதை அப்போது அச்சில் வந்தது. அதில் கிழவரான ஃபின்ச், கறுப்பருக்குச் சமத்துவம் கூடாதென்று சொல்லும் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் தெய்வத்தை உடைத்துவிட்டார்களே என்று பலர் அழுதார்கள். மனிதனைத் தெய்வமாக்கினால் இந்தக் கதிதான். ஒரு வழக்கில் நேர்மையாக நடந்தவர், சமத்துவம் என்று வந்தவுடன் பின்வாங்குவது உலகத்தில் இல்லாத அதிசயமா? அவர் செய்த நல்ல காரியத்தை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு மாலை போடுவானேன்?

முடிவில் ஒரு சம்பவம். யூவெல் பழிவாங்க இருட்டில் குழந்தைகளைக் கத்தியோடு தாக்குகிறான். ஜெம்மின் கை முறிகிறது. பல வருஷங்களாக வீட்டை விட்டு வெளியே வராமல் அடைந்து கிடந்த பூ ராட்லி என்னும் வெள்ளையர் வந்து குழந்தைகளைக் காப்பாற்றுகிறார், யூவெல் சாகிறான். யூவெல் தன் கத்தியின் மேல் தானே விழுந்தான் என்று ஷெரீப் எழுதிக்கொண்டு, கூச்ச சுபாவமுள்ள பூ ராட்லியைக் கோர்ட்டு வழக்கிலிருந்து தப்புவிக்கிறார். செய்தது சரி என்றே நமக்கும் தோன்றுகிறது. ஆனால் கவனியுங்கள்: வெள்ளைக்காரர் ஒருவருக்காகச் சட்டம் இரக்கத்தோடு முதுகை வளைக்கிறது. குற்றமே செய்யாத கறுப்பனுக்காக அந்தச் சட்டம் ஓர் அங்குலம்கூட நிமிரவில்லை. ஆசிரியை இதை நினைத்து எழுதினாரோ இல்லையோ, படிக்கிறவன் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் வைக்கலாமா?

இந்தப் புஸ்தகத்தைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று அமெரிக்காவில் அடிக்கடி சண்டை நடக்கிறது. 1966-ல் வர்ஜீனியா மாகாணத்தில் ஹனோவர் என்னும் ஜில்லாவின் பள்ளிக்கூடச் சபையார் இது ஒழுக்கக்கேடான புஸ்தகம் என்று விலக்கினார்கள். பலாத்கார வழக்கு வருகிறதாம்! பொய்ச் சாட்சியும் கொலையும் ஒழுக்கக்கேடாகத் தெரியவில்லை. அவற்றை எழுதியதுதான் ஒழுக்கக்கேடு! அந்த அம்மாள் பத்திரிகைக்குக் கேலியாக ஒரு கடிதம் எழுதி, அந்தச் சபையாருக்குப் படிப்புச் சொல்லிவைக்க உதவட்டும் என்று பத்து டாலரும் அனுப்பினார். சரியான பதில்.

2017-ல் மிஸ்ஸிஸிப்பியில் பிலாக்ஸி என்னும் ஊரில், கதையிலுள்ள வார்த்தைகள் மனசைப் புண்படுத்துகின்றன என்று பாடத்திட்டத்திலிருந்து எடுத்தார்கள். இந்த ஆட்சேபணையை முன்னதைப்போல் நாம் தள்ளிவிட மாட்டோம். கறுப்பரை இழிவுபடுத்தும் வசைச்சொல் இதில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. வகுப்பில் ஒரே ஒரு கறுப்பினப் பிள்ளை உட்கார்ந்திருக்க, மற்றப் பிள்ளைகள் அதை உரக்க வாசித்தால் அந்தப் பிள்ளை என்ன பாடுபடும்? அந்தப் பிள்ளையின் மானத்தைவிடப் புஸ்தகம் பெரிதல்ல. ஆனால் அதற்குப் பரிகாரம் புஸ்தகத்தைப் பூட்டி வைப்பதல்ல. வசைச்சொல்லை வகுப்பில் உரக்க வாசிக்காமலிருக்க உபாத்தியாயருக்குப் புத்தி வேண்டும். அதோடு, கறுப்பினத்தார் தங்கள் கதையைத் தாங்களே சொன்ன புஸ்தகங்களையும் பக்கத்தில் வைக்க வேண்டும். ரிச்சர்ட் ரைட் 1945-ல் தம் சொந்தச் சரித்திரமாக எழுதிய 'பிளாக் பாய்' இருக்கிறது. மில்ட்ரெட் டெய்லர் அம்மாள் 1976-ல் எழுதிய 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை' இருக்கிறது. இதுவும் 1930-களில் மிஸ்ஸிஸிப்பியில் நடக்கும் குழந்தைக் கதைதான்; ஆனால் சொல்பவள் கறுப்பினப் பெண். நிலத்தை விடாமல் பிடித்துக்கொண்டு எதிர்த்து நிற்கும் குடும்பம் அவளுடையது. கோர்ட்டின் மேல்மாடத்தில் உட்கார்ந்து வெள்ளைக்காரக் குழந்தை கண்டதையும், கீழே வயலில் நின்று கறுப்பினக் குழந்தை கண்டதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தக் காலம் முழுவதாகத் தெரியும்.

ஆகவே நம்முடைய தீர்மானம் இது: இதைப் படியுங்கள்; பிள்ளைகளையும் படிக்கச் செய்யுங்கள். பாராயணம் செய்வதைப்போல் படிக்க வேண்டாம். ஜூரியில் உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு, சாட்சியத்தை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்த்துப் படிக்க வேண்டும். அந்த ஊரில் கெட்டவர்கள் வெகு சிலர்; யூவெலைப் போன்றவன் ஒருவன்தான். மற்றவர்களெல்லாம் கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்கிறவர்கள்; ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிறவர்கள்; அண்டை வீட்டில் சாவு விழுந்தால் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள். அப்படிப்பட்ட பன்னிரண்டு நல்லவர்கள் சேர்ந்துதான், வழுக்கி விழும் அந்தச் சூம்பின கையைக் கண்ணால் பார்த்துவிட்டு, 'குற்றவாளி' என்றார்கள்.